ஃபென்ரிர்: ஓநாய்க்குக் கொடுத்த வாக்கும் ஒரு கடவுளின் வலது கையும்

ஆங்கிலத்தில் செவ்வாய்க்கிழமைக்கு 'டியூஸ்டே' என்று பெயர். ஆஃபீஸ் மெயிலில், மீட்டிங் இன்வைட்டில், டெலிவரி மெசேஜில் என்று வாரம் தவறாமல் கண்ணில் படுகிற சொல். அந்தச் சொல்லுக்குள் ஒற்றைக்கைக் கடவுள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ரோமானியர்களுக்கு அது மார்ஸ் கிழமை. தமிழிலும் அதே கோளின் பெயர்தான், செவ்வாய். இந்தக் கிழமைக் கணக்கை வடக்கே ஜெர்மானிய மக்கள் எடுத்துக்கொண்டபோது, மார்ஸ் இருந்த இடத்தில் தங்கள் போர்க் கடவுளை வைத்தார்கள். பழைய இங்கிலாந்தில் அவர் பெயர் டிவ். ஸ்காண்டிநேவியாவில் டீர். ஸ்வீடன்காரர்கள் இன்றும் செவ்வாய்க்கிழமையை 'டீஸ்டாக்' என்றுதான் சொல்கிறார்கள். ஸ்காண்டிநேவியக் கதைகளில் இந்த டீருக்கு வலது கை கிடையாது. மணிக்கட்டோடு போய்விட்டது. கடித்தது ஓர் ஓநாய். அதன் பெயர் ஃபென்ரிர்.

அந்த ஓநாயை இன்றைய தலைமுறைக்கு ஓரளவு தெரியும். 2017-ல் வந்த 'தார்: ரக்னராக்' படத்தில் ஹல்க்குடன் மல்லுக்கட்டும் அந்த ராட்சத மிருகம் அதுதான். 2022-ல் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' கேமிலும் இருக்கிறது. ஹாரி பாட்டர் கதையில் ஓநாய் மனிதனாக வரும் வில்லனுக்கு ஃபென்ரிர் கிரேபேக் என்று பெயர். சனிக்கோளைச் சுற்றும் குட்டி நிலவு ஒன்றுக்குக்கூட விஞ்ஞானிகள் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இதில் பெரும்பாலும் ஃபென்ரிர் என்றால் பல்லும் நகமும்தான். பெரிய உருவம், பெரிய வாய், அவ்வளவு. ஆனால் மூலக்கதையைத் தேடிப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே இந்த ஓநாய் கடிப்பதைவிட அதிகமாகப் பேசுகிறது. பேரம் பேசுகிறது. சந்தேகப்படுகிறது. கேரன்டி கேட்கிறது. ஏமாற்றுவது யார் என்று பார்த்தால், கடவுள்கள்!

ஓநாயே இல்லாத தீவில் எழுதப்பட்ட கதை

முதலில் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதைப் பார்த்துவிடலாம். ஃபென்ரிர் கதையை விரிவாகச் சொல்லும் நூல், 1220-ஐ ஒட்டி ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட 'எட்டா'. எழுதியவர் ஸ்னோர்ரி ஸ்டர்லுசன். அவர் சாமியாரோ பூசாரியோ இல்லை. பெரும் நிலக்காரர், அரசியல்வாதி, ஐஸ்லாந்து மக்கள் மன்றத்தில் சட்டத்தை எடுத்துரைக்கும் பதவியில் இரண்டு முறை இருந்தவர். கிறிஸ்தவரும்கூட. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி அப்போது இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய கவிதைகளைப் புரிந்துகொள்ள இளம் கவிஞர்களுக்குப் பழைய கதைகள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக அவர் எழுதிய கையேடு அது.

அதனால் ஸ்னோர்ரி சொன்னதெல்லாம் வைக்கிங் காலத்து மக்கள் அப்படியே நம்பியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஓநாய் அவருடைய கற்பனை இல்லை. அவருக்கு முந்தைய பழங்கவிதைகளில் ஃபென்ரிர் வருகிறது. பத்தாம் நூற்றாண்டுக் கற்களிலும் வருகிறது. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள மேன் தீவில், ஆண்ட்ரியாஸ் என்ற ஊரின் தேவாலயத்தில் ஓர் உடைந்த கல் சிலுவை இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் தோளில் பறவை உட்கார்ந்திருக்க, ஈட்டி பிடித்த ஒருவரின் காலை ஓநாய் கவ்வுகிறது. அவர் ஓடின் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மறுபக்கத்தில் கையில் சிலுவையும் புத்தகமும் வைத்திருக்கும் ஒரு மனிதர். பழைய மதமும் புதிய மதமும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் கல்.

இன்னொரு வேடிக்கை. ஐஸ்லாந்தில் ஓநாயே கிடையாது. அந்தத் தீவில் மனிதர்கள் குடியேறியபோது அங்கிருந்த ஒரே நிலப் பாலூட்டி ஆர்க்டிக் நரி மட்டுமே. அதாவது, உலக இலக்கியத்தின் மிகப் பெரிய ஓநாயைப் பற்றி எழுதிவைத்தவர், தன் ஊரில் ஓர் ஓநாயைக்கூடப் பார்த்திருக்க வழியில்லை. நார்வேயிலிருந்து கப்பலில் வந்தவர்கள் ஆடு, மாடு, குதிரையோடு ஓநாய் பயத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள் போல!

மூன்று பிள்ளைகள், மூன்று தண்டனைகள்

கடவுள்களோடு வாழ்ந்தாலும் அவர்களுக்கே குழி தோண்டும் லோகிக்கும், அங்கர்போதா என்ற ராட்சசிக்கும் மூன்று பிள்ளைகள். ஒன்று பாம்பு, யோர்முன்கந்தர். ஒன்று பெண், ஹெல். ஒன்று ஓநாய், ஃபென்ரிர். (சினிமாவில் ஹெலாவின் வளர்ப்பு மிருகமாக வருவது, மூலக்கதையில் அவளுடைய உடன்பிறப்பு.) இந்த மூவராலும் பெரும் கேடு வரும் என்று கடவுள்களுக்கு ஆரூடம் கிடைக்கிறது. தாயும் சரியில்லை, தகப்பன் அதைவிட மோசம் என்பது கூடுதல் காரணம். கடவுள்களின் தலைவன் ஓடின் மூன்று பேரையும் பிடித்துவரச் சொல்கிறான்.

பாம்பைக் கடலில் எறிகிறான். அது உலகத்தையே சுற்றி வளர்ந்து, தன் வாலைத் தானே கவ்விக்கொள்கிறது. ஹெல்லைப் பாதாளத்துக்கு அனுப்புகிறான். நோயிலும் முதுமையிலும் செத்தவர்களுக்கு அவள் இடம் கொடுக்க வேண்டும். ஓநாயை மட்டும் கடவுள்கள் வீட்டோடு வைத்து வளர்க்கிறார்கள்.

ஏன் என்று ஸ்னோர்ரி விளக்குவதில்லை. குட்டிதானே என்று நினைத்திருக்கலாம். கண் முன்னால் இருந்தால் கண்காணிக்கலாம் என்றும் நினைத்திருக்கலாம். ஆனால் வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், பக்கத்தில் போய்ச் சோறு போட ஒருவருக்கும் துணிவில்லை. டீர் ஒருவர்தான் போனார். நாளுக்கு நாள் அது வளர்வதைப் பார்க்கப் பார்க்க மற்றவர்களுக்கு அடிவயிறு கலங்குகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டம் வரை ஃபென்ரிர் யாரையும் கடித்ததாக ஸ்னோர்ரியின் கதையில் ஒரு வரிகூட இல்லை. யாருடைய ஆட்டையும் தின்னவில்லை. அதன் மேல் உள்ள குற்றச்சாட்டு இரண்டே இரண்டுதான். ஒன்று, அது வளர்கிறது. இரண்டு, எதிர்காலத்தில் கெடுதல் செய்யும் என்று ஆரூடம் சொல்கிறது.

ரிப்பன் மாதிரி ஒரு விலங்கு

கடவுள்கள் அதைக் கட்டிப்போட முடிவு செய்கிறார்கள். நேரடியாகச் சொல்லவில்லை. விளையாட்டு மாதிரி, 'உன் பலத்தைக் காட்டு பார்ப்போம்' என்று லேடிங் என்ற சங்கிலியை நீட்டுகிறார்கள். ஓநாய் அதைப் பார்க்கிறது, தன்னால் முடியும் என்று தோன்றுகிறது, கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறது. ஒரே உதையில் சங்கிலி தூள். அடுத்து டிரோமி. அதைவிட இரண்டு மடங்கு பலம். இதை உடைத்தால் உன் பேர் எங்கேயோ போய்விடும் என்று ஆசை காட்டுகிறார்கள். ஓநாய் யோசிக்கிறது. புகழ் வேண்டுமானால் ஆபத்தில் இறங்கத்தான் வேண்டும் என்று முடிவெடுக்கிறது. உடலைச் சிலுப்பி, தரையில் அடித்து, காலை உதைத்ததும் டிரோமியின் துண்டுகள் தூரப்போய் விழுகின்றன.

இப்போதுதான் கடவுள்களுக்கு நிஜமான பயம். ஃப்ரேயின் தூதன் ஸ்கிர்னிரை ஓடின் கீழுலகத்துக்கு, குள்ளர்களிடம் அனுப்புகிறான். வடக்கத்திய கதைகளில் குள்ளர்கள்தான் கைதேர்ந்த கொல்லர்கள். அவர்கள் செய்து கொடுத்ததன் பெயர் கிளைப்னிர். ஆறு பொருள்களைக் கொண்டு செய்தது: பூனை நடக்கும் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில்.

'இதெல்லாம் கிடையவே கிடையாதே' என்று கேட்கத் தோன்றும். ஸ்னோர்ரி அதற்கும் குறும்பாகப் பதில் வைத்திருக்கிறார். பெண்ணுக்குத் தாடி இல்லை, பூனை நடந்தால் சத்தம் வருவதில்லை, பாறைக்கு வேர் இல்லை என்பது உங்களுக்கே தெரியுமே, அப்படியென்றால் நான் சொன்னது உண்மைதானே என்கிற தொனியில் கதைசொல்லி சிரிக்கிறார். அந்த விலங்கைச் செய்வதற்காகவே அவையெல்லாம் உலகத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன என்று பலர் இதைப் படிக்கிறார்கள். அப்படிப் படிப்பதே ருசியாக இருக்கிறது. இந்த ஆறும் கொஞ்சம் முரண்டுபிடிக்கும் பட்டியல் என்பதையும் சொல்லியாக வேண்டும். கரடிக்கு நரம்பு உண்டு, பறவைக்கு எச்சில் உண்டு. அவற்றுக்கு ஸ்னோர்ரி பதில் சொல்லாமல் நைசாகக் கடந்துவிடுகிறார்.

கிளைப்னிர் பார்வைக்குப் பட்டு ரிப்பன் மாதிரி வழவழவென்று இருக்கிறது. இந்த இடம்தான் கதையின் உயிர். முதல் இரண்டு சங்கிலிகளையும் பார்த்தால் சங்கிலி என்று தெரியும். மூன்றாவதைப் பார்த்தால் எதுவும் தெரியாது. வேலையில் சேரும் நாளில் பக்கம் பக்கமாக நீட்டப்படும் பாண்டில், கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஃபென்ரிர் ஆனால் பொடி எழுத்தைப் படிக்கிற ரகம். அம்ஸ்வார்ட்னிர் என்ற ஏரியில், லிங்வி என்ற தீவுக்கு அதை அழைத்துப்போய் ரிப்பனைக் காட்டுகிறார்கள். ஓநாய் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு மெல்லிய நாடாவை அறுப்பதில் எனக்கு என்ன பெருமை இருக்கிறது என்று கேட்கிறது. சூதோடு செய்யப்பட்டது என்றால், மெல்லிசாக இருந்தாலும் என் காலில் ஏறாது என்கிறது. கடவுள்கள் விடுவதாக இல்லை. இதைக்கூட அறுக்க முடியாவிட்டால் உன்னைக் கண்டு எங்களுக்கு என்ன பயம், அவிழ்த்துவிட்டுவிடுகிறோம் என்கிறார்கள். கட்டுப்பட்டபின் உங்கள் உதவிக்காகக் காத்திருந்தால் எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியும் என்பதுபோல் ஓநாய் பதில் சொல்கிறது.

அதற்குப் பிறகு அது வைக்கும் நிபந்தனைதான் உலகப் புகழ்பெற்றது. என் தைரியத்தைக் கேலி செய்ய வேண்டாம். சூது இல்லை என்பதற்கு அடையாளமாக உங்களில் ஒருவர் என் வாயில் கையை வையுங்கள்.

கடவுள்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் டீர் வலது கையை நீட்டுகிறார்.

கட்டுகிறார்கள். ஓநாய் திமிறுகிறது. திமிறத் திமிற இறுகுகிறது. அப்போது எல்லாரும் சிரித்தார்கள், டீரைத் தவிர என்கிறார் ஸ்னோர்ரி. டீருக்குக் கை போனது. மணிக்கட்டை அந்தக் கால ஐஸ்லாந்தியர்கள் 'ஓநாய் மூட்டு' என்று சொல்வதற்கு இதுதான் காரணம் என்று ஒரு குறிப்பையும் சேர்க்கிறார்.

அந்தச் சிரிப்பு

மொத்தக் கதையிலும் மனசை உறுத்துவது கடியல்ல, இந்தச் சிரிப்பு. கூட்டாளி ஒருவரின் கை இன்னும் ஓநாயின் வாய்க்குள் இருக்கிறது. அடுத்த நொடி என்ன ஆகும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்த நேரத்தில் சிரிக்கிறார்கள்.

பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் டுமெசில் 1940-ல் வெளியிட்ட 'மித்ர-வருணா' என்ற நூலில் இந்தக் காட்சிக்கு ஒரு விளக்கம் தந்தார். டீரைச் சட்டத்தின் கடவுளாக அவர் பார்த்தார். கண்ணை இழந்த ஓடின் மாயத்தின் பக்கம், கையை இழந்த டீர் ஒப்பந்தத்தின் பக்கம். வாக்கு பொய்யாகும் என்று தெரிந்தே கையை வைக்கிறார். பொய்யானதும் ஈடு பறிபோகிறது. கணக்கு நேராகிறது என்பது அந்த வாதத்தின் சாரம். ரோமானியக் கதைகளிலும் இப்படி ஓர் ஒற்றைக்கண், ஒற்றைக்கை ஜோடி இருப்பதை அவர் காட்டினார். டீருக்கும் சட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்க வேறு ஆதாரமும் உண்டு. இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவரை ஒட்டி, ரோமானியப் படையில் இருந்த ஜெர்மானிய வீரர்கள் மூன்றாம் நூற்றாண்டில் வைத்த ஒரு பலிபீடம் கிடைத்திருக்கிறது. அதில் மார்ஸ் கடவுளுக்கு, 'மக்கள் மன்றத்துக்குரியவர்' என்ற பொருளில் ஓர் அடைமொழி பொறித்திருக்கிறார்கள். அந்த மார்ஸ்தான் டீர் என்பது பலரின் கருத்து.

டுமெசிலின் விளக்கம் அழகானது. ஆனால் ஒன்றை அது சற்று சுலபமாக விட்டுவிடுகிறது. ஏமாற்றியது எல்லாரும், ஈடு கட்டியது ஒருவர். அதுவும் யார்? ஓநாய்க்குத் தினமும் சோறு போட்ட ஒரே ஆள். யாராவது ஒருவர் கை வைக்கட்டும் என்றுதான் ஓநாய் கேட்டது, டீரின் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் நீண்டது அவர் கைதான். அந்த மிருகத்திடம் கொஞ்சமாவது நம்பிக்கை சம்பாதித்து வைத்திருந்தவர் அவர் மட்டும். அவர் சேர்த்துவைத்ததை மற்றவர்கள் ஒரே நாளில் செலவழித்துவிட்டார்கள். செலவழித்துவிட்டுச் சிரித்தார்கள். கணக்கு நேரானது என்று சொல்வது சிரித்தவர்களுக்குத்தான் வசதி.

ஸ்னோர்ரியே இன்னொரு இடத்தில் டீரைப் பற்றி ஒரு விசித்திரமான வரி எழுதுகிறார். வீரர்களில் வீரர், அறிவாளி என்றெல்லாம் புகழ்ந்துவிட்டு, ஆனால் இவரைச் சமாதானம் செய்துவைப்பவர் என்று யாரும் சொல்வதில்லை என்கிறார். பழைய கவிதை ஒன்றில் லோகி விருந்துக்கு நடுவில் புகுந்து கடவுள்களை ஒவ்வொருவராகத் திட்டுகிறான். டீரைப் பார்த்து, இரண்டு பேருக்கு நடுவில் நியாயமாகப் பேச உனக்கு யோக்கியதை இல்லை என்று கையைச் சொல்லிக் குத்துகிறான். டீர் மழுப்பவில்லை. எனக்குக் கை போச்சு, உனக்குப் பிள்ளை போச்சு, ரெண்டு பேருக்கும் நஷ்டம்தான், ஓநாய்க்கும் அங்கே சுகமில்லை என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறார். அந்த ஓநாயின் கஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் கடவுள், அதனிடம் கையைப் பறிகொடுத்தவர்!

ஏன் கொல்லவில்லை?

கட்டியாயிற்று. விலங்கின் முனையை ஒரு பாறைக்குள் செலுத்தி, பூமிக்கு அடியில் இறக்கி, மேலே இன்னொரு கல்லைப் போட்டு அழுத்துகிறார்கள். ஓநாய் கடிக்க வாயைத் திறக்கும்போது, வாளை உள்ளே நுழைத்து நட்டுவைக்கிறார்கள். பிடி கீழ்த்தாடையில், முனை மேல்தாடையில். வாயை மூட முடியாது. வழியும் எச்சில் ஆறாக ஓடுகிறது. அந்த ஆற்றின் பெயர் 'வான்'. தமிழ் வானோடு சம்பந்தமில்லை. பழைய நார்ஸ் மொழியில் அதற்கு 'எதிர்பார்ப்பு', 'நம்பிக்கை' என்று பொருள். கட்டிக்கிடக்கும் ஓநாய் எதை எதிர்பார்த்துக் கிடக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தால் அந்தப் பெயரின் கூர்மை புரியும்.

படிக்கிற எல்லாருக்கும் வரும் கேள்வி ஸ்னோர்ரியின் நூலிலேயே கேட்கப்படுகிறது. இவ்வளவு ஆபத்து என்றால் கொன்றிருக்கலாமே? கிடைக்கும் பதில் இது: தங்கள் புனித இடத்தை ஓநாயின் ரத்தத்தால் தீட்டாக்கக் கடவுள்கள் விரும்பவில்லை. அது ஓடினைக் கொல்லும் என்று ஆரூடம் சொன்னபோதும்கூட.

இதில் ஒரு சொல்விளையாட்டு ஒளிந்திருக்கிறது. பழைய நார்ஸ் மொழியில் ஓநாய்க்கு 'வார்கர்' என்றும் ஒரு சொல் உண்டு. சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனுக்கும் அதே சொல்தான். அப்படித் தள்ளப்பட்டவனை யாரும் வேட்டையாடலாம், கேள்வி கிடையாது. புனித இடத்தில் அக்கிரமம் செய்தவனை 'கோயிலுக்குள் ஓநாய்' என்றே அழைத்தார்கள். இப்போது லிங்வி தீவுக் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். புனிதத்துக்குத் தீட்டு வரக் கூடாது என்று ரத்தம் சிந்தாமல் இருந்தவர்கள், அதே கையோடு வாக்கை உடைத்தார்கள். ரத்தம் தீட்டு, பொய்ச் சத்தியம் தீட்டில்லை. வார்கர் என்ற பெயர் அன்றைக்கு யாருக்குப் பொருந்தியது?

உடனே 'பாவம் ஓநாய், அதைக் கெட்டவனாக்கியதே கடவுள்கள்தான்' என்று முடித்துவிடலாம். இணையத்தில் பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அநியாயமாகக் கட்டப்பட்டவர்களின் அடையாளமாக ஃபென்ரிரைப் பச்சை குத்திக்கொள்பவர்களும் உண்டு. அது பாதிதான் சரி. இந்தக் கதைகளில் விதி என்பது தவிர்க்க முடிகிற எச்சரிக்கை இல்லை. நடக்கப்போவது நடக்கும். அன்பாக வளர்த்திருந்தால் ஓநாய் மாறியிருக்கும் என்பது இன்றைய மனசுக்குப் பிடித்த கற்பனை, மூலத்தில் அதற்கு இடமில்லை. கம்சன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். அங்கேயும் ஆரூடம், அங்கேயும் குழந்தை, அங்கேயும் பயந்துபோன அதிகாரம். ஆனால் கதை குழந்தையின் பக்கம் நிற்கிறது, கேட்பவருக்குக் குழப்பமே வருவதில்லை. ஐஸ்லாந்துக் கதை கடவுள்களின் பக்கம் நிற்கிறது. நின்றுகொண்டே, அவர்கள் செய்தது என்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

அந்த நேர்மைதான் இந்தக் கதையை ராட்சதக் கதைகளிலிருந்து தனியே நிறுத்துகிறது. கடவுள்களின் பயம் நியாயமானது, ஓநாய் நிஜமாகவே ஆபத்தானது. ஓநாயின் சந்தேகமும் நியாயமானது, அது நிஜமாகவே ஏமாற்றப்பட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. குற்றம் நடக்கும் முன்பே ஒருவரைக் கட்டிவைக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றங்களில் இன்றும் தீராத கேள்வி. ஸ்னோர்ரி அதற்குத் தீர்ப்பு எழுதவில்லை. விலை எவ்வளவு, கொடுத்தது யார் என்று மட்டும் எழுதிவைத்தார்.

அவர் எழுதிய காலமே வாக்குகள் காற்றில் பறந்த காலம். ஐஸ்லாந்தின் பெரிய குடும்பங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. உறவும் ஒப்பந்தமும் ஒரே இரவில் மாறின. 1241-ல், ரெய்க்கோல்ட் என்ற ஊரில் தன் வீட்டு நிலவறையில் ஒளிந்திருந்தபோது ஸ்னோர்ரி கொல்லப்பட்டார். நார்வே அரசரின் பேச்சைக் கேட்டு ஆட்களோடு வந்தவர், அவருடைய முன்னாள் மருமகன்.

நிஜ ஓநாய்களின் நிலை

கதையில் கட்டப்பட்ட ஓநாய்க்கு, காட்டில் வேறு கதி. ஸ்காண்டிநேவியாவில் ஓநாய்களை நூற்றாண்டுக் கணக்கில் வேட்டையாடித் தீர்த்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று பரிசுப் பணமும் கொடுத்தார்கள். ஸ்வீடனில் 1966-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பாதுகாக்க அநேகமாக ஓநாயே மிச்சமில்லை. பிறகு கிழக்கிலிருந்து சில ஓநாய்கள் வந்துசேர்ந்தன. 1983-ல் வார்ம்லாண்ட் பகுதியில் குட்டிகள் பிறந்தன. இன்றைய கூட்டம் அந்தச் சொற்ப ஓநாய்களின் வாரிசு என்பதால், நெருங்கிய ரத்தக் கலப்பு பெரிய பிரச்சினை. 2010-ல் ஸ்வீடன் உரிமம் கொடுத்து ஓநாய் வேட்டையை மறுபடி அனுமதித்தது. அது முதல் வழக்கும் வாதமும் ஓயவில்லை. ஆட்டு மந்தை வைத்திருப்பவரின் இழப்பு உண்மையானது. அதைச் சரிக்கட்டும் வேலி, காவல் நாய், நஷ்டஈடு என்று பேசுவதைவிட, ஓநாய் என்ற சொல்லைக் கேட்டதும் எழும் பழைய நடுக்கம்தான் அங்கே பல நேரங்களில் சத்தமாகப் பேசுகிறது.

கடைசிப் போரும் ஒரு ஷூவும்

ரக்னராக் என்பது கடவுள்களின் இறுதி நாள். எல்லாக் கட்டும் அன்று அறும், கிளைப்னிரும்தான். ஃபென்ரிர் கீழ்த்தாடை தரையைத் தொட, மேல்தாடை வானத்தைத் தொட, வாயைப் பிளந்துகொண்டு வருகிறது. இடம் இருந்தால் இன்னும் பிளக்கும் என்கிறார் ஸ்னோர்ரி. ஓடினை விழுங்கிவிடுகிறது. அவ்வளவு ஆரூடம் கேட்டு, அவ்வளவு சூது செய்தும் அந்த வாயிலிருந்து தலைவன் தப்பவில்லை.

டீர் எங்கே? ஓநாய்க்கும் அவருக்கும் பழைய கணக்கு இருக்கிறதே, மோதுவார் என்று எதிர்பார்க்கத் தோன்றும். இல்லை. அவர் கார்ம் என்ற நாயோடு மோதுகிறார். அதுவும் ஒரு குகை வாசலில் கட்டிக்கிடந்த நாய்தான், அன்றைக்குத்தான் அவிழ்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் கொன்று விழுகிறார்கள்.

ஓநாயை முடிப்பது ஓடினின் மகன் விடார். அதிகம் பேசாத கடவுள். ஓடிவந்து அதன் கீழ்த்தாடையில் ஒரு காலை ஊன்றி, மேல்தாடையைக் கையால் பிடித்து, வாயையே கிழித்துவிடுகிறான். வாளால் நெஞ்சில் குத்தினான் என்று சொல்லும் பழைய கவிதையும் உண்டு. வட இங்கிலாந்தில் காஸ்ஃபோர்த் ஊரின் தேவாலய முற்றத்தில் பத்தாம் நூற்றாண்டுக் கல் சிலுவை ஒன்று நான்கு மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கிறது. அதில் ஒருவர் பிளந்த வாய்க்குள் காலை வைத்து நிற்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. விடார்தான் என்கிறார்கள். ஸ்வீடனில் லெட்பெர்க் கல்லிலும் ஓநாய் வாய்க்குள் ஒரு கால் தெரிகிறது, அது ஓடினின் காலாக இருக்கலாம்.

விடார் ஊன்றும் அந்தக் காலில் தடித்த தோல் ஷூ. அது எங்கிருந்து வந்தது என்பதை ஸ்னோர்ரி போகிற போக்கில் சொல்கிறார். மனிதர்கள் ஷூ தைக்கும்போது கால்விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மிஞ்சிய தோலை வெட்டி எறிவார்கள். காலம் காலமாக அப்படி எறிந்த துண்டுகளையெல்லாம் சேர்த்துத்தான் விடாரின் ஷூ தயாராகிறது. அதனால், கடவுள்களுக்கு உதவ நினைக்கும் ஒவ்வொருவரும் அந்தத் துண்டுகளை வெட்டி எறியத் தவறக் கூடாதாம்.